இடுப்பில் பதினாறு மணி நேரம்

வாசகர் கேள்வி – பதில்

பிறந்தது சிவகாசி, பிழைக்க வந்தது ஹூஸ்டன். எண்ணெய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பைப்லைன் கணக்குப் பார்த்து ஓய்ந்துவிட்டு, இப்போது சனிக்கிழமைகளில் டெக்ஸஸ் மாநிலத்துக் கைத்துப்பாக்கி உரிமத்துக்கான வகுப்பு எடுக்கிறேன். "வகுப்புக்கு வரும் நம்மவர்கள் கூடிவிட்டார்கள்" என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை.

கே: அண்ணா, தினமும் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள ஒரு பிஸ்டல் வாங்கலாம் என்றிருக்கிறேன். கடைக்காரர் ஒன்று சொல்கிறார், நண்பர் ஒன்று சொல்கிறார், யூடியூப்பில் நாற்பது சொல்கிறார்கள். ஒரே பெயராகச் சொல்லுங்களேன். – க.மு., கேட்டி

ப: சொல்கிறேன் தம்பி, ஆனால் பெயர் கடைசியில். முதலில் நான் பட்டதைக் கேளுங்கள்.

முதன்முதலில் நான் வாங்கியது முழு அளவுப் பிஸ்டல். துப்பாக்கி என்றால் பெரிதாக இருக்க வேண்டாமா என்ற புத்தி. இரண்டு வாரம் கட்டிக்கொண்டு அலைந்தேன். உட்கார்ந்தால் விலாவில் குத்தியது. நம்ம ஊர் மளிகைக் கடையில் இருபது பவுண்டு பொன்னி மூட்டையைத் தூக்கக் குனிந்தபோது சட்டை மேலேறி, பின்னால் நின்ற ஒரு மாமி கறிவேப்பிலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். மூன்றாவது வாரம் அது கார் டாஷ்போர்டுக்குக் குடிபோனது. ஒருநாள் உடற்பயிற்சி முடித்து வெளியே வந்தால் கார்க் கண்ணாடி சுக்குநூறு, டாஷ்போர்டு திறந்து கிடக்கிறது. துடைத்து எண்ணெய் போடுவதற்காக அன்றைக்கு அதை வீட்டில் கழற்றி வைத்திருந்தேன், பிழைத்தேன். இல்லாவிட்டால் என் பெயரில் வாங்கியது எவன் கையில் எங்கே வெடித்திருக்குமோ.

அடுத்து நேர் எதிராக ஓடினேன். ரூகர் எல்சிபி. கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியாது. சுட்டால் நன்றாகத் தெரியும். துப்பாக்கி லேசாக லேசாக உதை கூடும். அதோடு, நுனியில் இருக்கும் குறிக்கும் பின்னால் இருக்கும் குறிக்கும் நடுவே நாலே அங்குலம்தான் என்று வையுங்கள், அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஏழு கஜத்தில் குண்டு இரண்டரை அங்குலம் தள்ளிப் போகும். கை நடுங்குகிற நேரத்தில் ஒரு மில்லிமீட்டரோடு நிற்குமா? சின்னத் துப்பாக்கி புதியவர்களுக்குச் சுலபம் என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அது கை பழகியவர்களுக்கானது.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எல்லாருக்கும் சுடுகிற மூன்று விநாடிதான் மனக்கண்ணில் ஓடுகிறது. சுடாமல் உடம்போடு கிடக்கப் போகிற பதினாறு மணி நேரத்தை யோசியுங்கள். சட்டையை வெளியே விடுவீர்களா, உள்ளே செருகுவீர்களா? நாள் முழுக்க நாற்காலியா, நடையா? ஆபீசில் அனுமதி உண்டா? இல்லையென்றால் அந்த எட்டு மணி நேரமும் அது எங்கே இருக்கும்? "காரில்" என்றால், என் கண்ணாடிக் கதையை இன்னொரு தடவை படியுங்கள்.

பிறகு, வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போங்கள். பொங்கல் விழாவில் மிஞ்சிய காகிதத் தட்டு ஒன்றை ஏழு கஜத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் ஐம்பது சுடுங்கள். ஐம்பதாவது குண்டின்போதும் கை சலிக்காமல், தட்டைத் தாண்டாமல் எது சுடுகிறதோ அதுதான் உங்களுடையது.

பெயர் கேட்டீர்களே. சட்டையை வெளியே விடுகிற, ஓரளவு உடம்புள்ள ஆளுக்கு கிளாக் 19. 1988-ல் வந்தது, பதினைந்து தோட்டா, தோட்டாவோடு முக்கால் கிலோவைத் தாண்டும். இன்றைக்கும் இதைச் சொல்லிக்கொடுக்காத வாத்தியார் கிடையாது. ஒல்லியான ஆளுக்கு சிக் பி365. 2018-ல் அது வருவதற்கு முன்னால் அந்த அளவில் ஆறேழு தோட்டாதான் பிடிக்கும். அதில் பத்தைப் போட்டுக் காட்டினார்கள். மற்றவர்களும் விடவில்லை. கிளாக் 43எக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ் எல்லாம் அந்தப் போட்டியில் வந்தவை. இந்த நாலுக்குள் எது நல்லது என்று இரண்டு மணி நேரம் சண்டை போடுகிறவர்களை எனக்குத் தெரியும். சண்டை போடும் நேரத்தில் இரண்டு பெட்டி தோட்டா சுட்டிருக்கலாம். எனக்குக் கை கொஞ்சம் பெரிது, 43எக்ஸின் பிடி ஒத்துவந்தது. அவ்வளவுதான் விஷயம்.

கே: 9 எம்.எம். போதுமா? "நாற்பத்தைந்துக்குக் குறைந்து வைத்திருப்பவன் ஆம்பிளையே இல்லை" என்கிறார் என் அமெரிக்க நண்பர். – த.வி., சான் அன்டோனியோ

ப: இந்த எண்ணெல்லாம் குண்டின் குறுக்களவு. நாற்பத்தைந்து என்றால் 0.45 அங்குலம், 9 எம்.எம்.மைவிடப் பெரியது. அவர் சொல்வது பழைய பஞ்சாயத்து. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. ஆட்கள் இறந்தார்கள். எதிராளி மேல் பட்ட ஒரு 9 எம்.எம். குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது என்று குண்டின் மேல் பழி விழுந்தது. பத்து எம்.எம்.முக்குப் போனார்கள், அதன் உதை தாங்காமல் பாயின்ட் 40-க்கு வந்தார்கள். கடைசியில் 2010-களின் நடுவில் அதே 9 எம்.எம்.முக்கே திரும்பினார்கள். நடுவில் மாறியது குண்டின் தயாரிப்பு. உதை குறைவு, வேகமாகத் திரும்பக் குறி பார்க்கலாம், கூடுதலாகப் பிடிக்கும், பழகும் செலவும் குறைவு.

பழகுவதற்கு முழு உறை போட்ட சாதாரணக் குண்டு. இடுப்பில் வைப்பதற்கு முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட். அது பட்டதும் பூப்போல விரிந்து உள்ளேயே நிற்கும். சாதாரணக் குண்டு ஆளைத் துளைத்துக்கொண்டு போய் பின்னால் நிற்கிற பிள்ளை மேல் படலாம். ஆனால் நியூ ஜெர்சிக்காரர்கள் கவனம்: அங்கே ஹாலோ பாயின்டைக் கொண்டு திரிவதற்குச் சட்டம் கெடுபிடி.

கே: எனக்கு ஐம்பத்து மூன்று வயது, மணிக்கட்டில் வலி. பிஸ்டலின் மேல்பகுதியை இழுக்கவே முடியவில்லை. "பெண்களுக்கு ரிவால்வர்தான், ஹேண்ட்பேகில் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். சரியா சார்? – ச.வ., பிளேனோ

ப: இரண்டும் சரியில்லை அம்மா.

அவர் காட்டியது ஐந்து தோட்டா பிடிக்கும் சின்ன ரிவால்வராக இருக்கும். நானூறு கிராம். இழுக்க ஸ்லைடு என்கிற அந்த மேல்பகுதி கிடையாது, உண்மைதான். ஆனால் அதன் விசையை அமுக்கப் பன்னிரண்டு பவுண்டு பலம் வேண்டும். கிளாக் மாதிரிப் பிஸ்டலுக்கு அதில் பாதி. வலிக்கிற மணிக்கட்டுக்கு எது தேவலை?

ஸ்லைடை நீங்கள் இழுக்கவே வேண்டாம். பிஸ்டலை வலது கையில் பிடியுங்கள், விரல் விசைக்கு வெளியே, குழல் ஆளில்லாத பக்கம். நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். இடது உள்ளங்கையை மேலிருந்து கவிழ்த்து, நாலு விரலும் மறுபக்கம் வர ஸ்லைடை அழுத்திப் பிடியுங்கள். இப்போது இடது கை அசையக் கூடாது. வலது கையால் பிடியை முன்னால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, இடது கையை விட்டுவிடுங்கள். விரல் நுனியால் கிள்ளி இழுக்கும்போது வராதது, தோளால் தள்ளும்போது வந்துவிடும். தேங்காய் துருவும்போது தோள் எப்படி வேலை செய்கிறதோ அப்படி. போன மாதம் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் மூன்றாவது முயற்சியில் செய்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்வளவு பேச்சு?" என்று என்னைப் பார்த்தார்.

அதுவும் முடியாவிட்டால் ஷீல்டு ஈஇசட் என்று ஒன்று இருக்கிறது. ஸ்லைடு இலகுவாக நகரும்படி செய்தது. முதலில் பாயின்ட் 380-ல் வந்தது, 2020-ல் 9 எம்.எம்.மிலும் வந்தது.

ஹேண்ட்பேக் வேண்டவே வேண்டாம். 2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊர். ஒரு பெரிய கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த இளம் தாய். உரிமம் உள்ளவர், பழகியவர். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்த கைப்பை. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த அவருடைய இரண்டு வயது மகன் கையை உள்ளே விட்டான். அந்த இடத்திலேயே தாய் இறந்துபோனார். பையை மேஜை மேல் வைப்போம், நாற்காலியில் மாட்டுவோம், "இதைக் கொஞ்சம் பிடி" என்று யாரிடமாவது கொடுப்போம். இடுப்பில் இருப்பது அப்படிக் கைமாறாது.

சுடிதாரில் பெல்ட் இல்லையே என்பீர்கள். வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை கிடைக்கிறது. விசையை மூடும் கெட்டியான கூடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வெறும் துணிப்பை மாதிரி இருப்பது வேண்டாம். புடவைக்கு என்னிடம் பதில் இல்லை.

கே: ஐந்நூறு டாலர் துப்பாக்கிக்கு எண்பது டாலர் ஹோல்ஸ்டரா? பன்னிரண்டு டாலரில் ஆன்லைனில் கிடைக்கிறதே! – ர.செ., ஃபிரிஸ்கோ

ப: கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி எடுத்துவிட்டு இடுப்பில் சணல் கயிறு கட்டிக்கொள்வீர்களா? ஹோல்ஸ்டர் என்கிற துப்பாக்கி உறை மூன்று வேலை செய்ய வேண்டும். விசையை முழுக்க மூட வேண்டும், தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் துப்பாக்கி விழக் கூடாது, எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்க வேண்டும். பன்னிரண்டு டாலர் துணி உறை மூன்றாவதில் தோற்றுவிடும். வாய் மடங்கிக்கொள்ளும், நீங்கள் துப்பாக்கி முனையாலேயே அதை விரிக்கப் பார்ப்பீர்கள், மடிந்த துணி விசைக்குள் போகும். கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கே அச்செடுத்ததாக வாங்குங்கள். விறைப்பான பெல்ட்டும் சேர்த்து. சாதாரணத் தோல் பெல்ட் மதியத்துக்குள் தொய்ந்துவிடும்.

விபத்து பெரும்பாலும் எடுக்கும்போது நடப்பதில்லை, திரும்பச் செருகும்போதுதான். ஜாக்கெட்டுகளில் இடுப்பை இறுக்க ஒரு நாடாவும் அதன் நுனியில் பிளாஸ்டிக் குமிழும் தொங்குமே, அது விசைக் கூண்டுக்குள் புகுந்து இழுத்துத் தொடையில் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. நாடாவை வெட்டி எறியுங்கள். செருகும்போது கண்ணால் பார்த்து, மெதுவாக. அதற்கு யாரும் பரிசு தரப் போவதில்லை, அவசரம் எதற்கு?

கே: ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வார இறுதியில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் படமெல்லாம் போட்டேன். வாங்கினால்தானே தப்பு? – பெயர் வேண்டாம், ஆஸ்டின்

ப: முதலில் அந்தப் படத்துக்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று சொல்ல வாய் வருகிறது, அதைக்கூட ஒரு வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள்.

குடியேற்றமில்லா விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 எல்லாம் இதில் வரும். 2022-லிருந்து பதினைந்து வருடம் வரை சிறை, நாடு கடத்தல் வேறு. கையில் வாடகைக்கு எடுத்ததும் 'வைத்திருப்பது'தான். சில விலக்குகள் உண்டு. முக்கியமானது, ஏதாவதொரு மாநிலம் முறையாகக் கொடுத்த வேட்டை உரிமம் செல்லுபடியாக இருக்க வேண்டும். ரேஞ்சு கவுன்டரில் எல்லாரும் இதைக் கேட்பதில்லை. கேட்காததால் குற்றம் இல்லாமல் போகாது.

பச்சை அட்டை வந்த பிறகு வாருங்கள். இருபத்தோரு வயதும் குற்றப் பதிவு இல்லாத வரலாறும் இருந்தால், கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி வாங்கலாம். கணவருக்குப் பச்சை அட்டை, மனைவி இன்னும் ஹெச்-4 என்ற வீடுகளும் உண்டு. துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டியின் எண் மனைவிக்குத் தெரியவே கூடாது. "என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒளிவுமறைவே இல்லை" என்று வகுப்பில் ஒரு தங்கச்சி சொன்னது. இந்த ஒன்றில் மட்டும் இருக்கட்டும் என்றேன்.

கே: டெக்ஸஸில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமமே வேண்டாமே. உங்கள் வகுப்புக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? – இ.ஜெ., சுகர் லேண்ட்

ப: நல்ல கேள்வி, என் வயிற்றில் அடிக்கிற கேள்வி. பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது 1990-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம். அந்த மாநிலத்தின் உரிமம் இருந்தால் விலக்கு. சுகர் லேண்டில் எந்தத் தெருவில் போனாலும் ஒரு பள்ளிக்கூடம் குறுக்கே வருகிறது. நம் உரிமத்தை ஏற்றுக்கொள்ளும் வேறு மாநிலங்களுக்குக் காரில் போனாலும் அது கைகொடுக்கும். அரசுக்குக் கட்டணம் 40 டாலர். சுடும் தேர்வில் மூன்று, ஏழு, பதினைந்து கஜத்தில் மொத்தம் ஐம்பது குண்டு, 250-க்கு 175 எடுத்தால் பாஸ்.

வகுப்பில் நான் முதல் ஒரு மணி நேரம் செய்வதே வேறு. தீபாவளிக்கு ரோல் கேப் துப்பாக்கியைத் தம்பி நெஞ்சில் வைத்து அமுக்கி வளர்ந்தவர்கள் நாம். சிவகாசிக்காரன் நான் உட்பட. ரப்பர் துப்பாக்கியை மேஜையில் வைப்பேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் எடுத்த கையோடு விரலை விசையில் வைத்து, பக்கத்து ஆளைக் குறிபார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை மறக்கடிக்கத்தான் காசு.

கே: கோயிலுக்குக் கொண்டு போகலாமா? – பெ.சு., பியர்லேண்ட்

ப: 2017 நவம்பரில் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் இருபத்தாறு உயிர் போன பிறகு, 2019-ல் டெக்ஸஸ் சட்டத்தைத் தெளிவாக்கினார்கள். வழிபாட்டு இடத்திலும், நிர்வாகம் வேண்டாமென்று அறிவிக்காத வரை, உரிமம் உள்ளவர் கொண்டுபோகலாம். வாசலில் 30.06 என்ற எண் போட்ட பலகை இருந்தால் மறைத்துக்கூடக் கூடாது. அதனால் பலகையைப் பாருங்கள், சந்தேகமிருந்தால் அறங்காவலர்களைக் கேளுங்கள். சட்டம் கிடக்கட்டும், வேட்டி கட்டி, மேல் சட்டையைக் கழற்றி, நெடுஞ்சாண்கிடையாக விழப் போகிறீர்கள். எங்கே வைப்பீர்கள்? நான் கோயில் நாட்களில் வீட்டுப் பெட்டியிலேயே விட்டுவிடுவேன்.

கே: போலீஸ் நிறுத்தினால்? – மு.ந., டாலஸ்

ப: இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். இரவானால் உள்விளக்கைப் போடுங்கள். அடையாள அட்டை கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது இங்கே விதி. வாயைத் திறந்ததும் "கன்" என்ற சொல் முதலில் வரக் கூடாது. "எனக்கு உரிமம் இருக்கிறது, இப்போது இடது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்லும்வரை அசையாமல் இருங்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்ற உரிமம் உள்ள இளைஞர், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னவர், சில விநாடிகளில் போலீஸ்காரரால் சுடப்பட்டு இறந்தார். ஒழுங்காக நடந்துகொண்டால் ஒன்றும் ஆகாது என்று என் வகுப்பில் நான் சொல்வதில்லை.

கே: வேலை போய் ஐந்து மாதம். தூக்கமில்லை. வீட்டில் தனியாக இருக்கிறேன். பாதுகாப்புக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. எது நல்லது? – பெயரில்லை

ப: இப்போது எதுவும் வேண்டாம் தம்பி. மழுப்பாமல் சொல்கிறேன். 2021-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்கள். வெளியிலிருந்து வருகிறவனைவிட ராத்திரி மூன்று மணிதான் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. உங்கள் மனதில் அப்படி எதுவும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் மன நெருக்கடியில் உதவும் 988 என்ற எண்ணுக்கு ஒரு போன் போடுங்கள், பேச முடியாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பலாம், எந்த நேரமும் ஆள் உண்டு. கதவுக்கு நல்ல பூட்டு, வாசலில் ஒரு விளக்கு, அது போதும் இப்போதைக்கு. பத்திரிகை அலுவலகத்தில் என் நம்பர் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மதியம் வீட்டுக்கு வாருங்கள், சாப்பிடலாம். வேலை விஷயமும் பேசலாம்.

கே: டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். ரேஞ்சுக்குக் கொண்டு போகும் பை நல்ல உறுதியான பை, நிறைய ஜிப். அதையே கைப்பையாகக் கொண்டு போகலாமா? – ஜோ.அ., தி உட்லண்ட்ஸ்

ப: ஐயையோ! ஒரு தோட்டா, காலிக் கூடல்ல, வெடிக்காத ஒரே ஒரு தோட்டா பையின் அடியில் கிடந்தால் போதும், சென்னை விமான நிலையத்தில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி வழக்கு. அமெரிக்க உரிமம் அங்கே செல்லாது. தெரிந்தே வைத்திருந்தாரா, தெரியாமலா என்று பிற்பாடு நீதிமன்றம் பார்க்கும்தான். அதுவரை பாஸ்போர்ட்டும் லீவும் என்ன ஆவது?

இது நான் மயிரிழையில் தப்பித்த விஷயம். மூன்று வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு கறுப்புப் பையில் அம்மாவுக்கு வாங்கிய வைட்டமின் மாத்திரைகளை அடுக்கி முடித்துவிட்டேன். என் மனைவிக்கு என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பையைக் கட்டில் மேல் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். இரண்டு பேனா, காது அடைப்பான், ஒரு பல்லி மிட்டாய், அப்புறம் தையலுக்கும் அட்டைக்கும் நடுவிலிருந்து பித்தளை நிறத்தில் ஒரு 9 எம்.எம். உருண்டு வந்து தலையணையில் மோதி நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பை இப்போது கராஜ் மேல்தட்டில் இருக்கிறது. அதன் கைப்பிடியில் சமையலறை டப்பாக்களுக்கு ஒட்டும் லேபிளில், அவள் கையெழுத்தில், "ஊருக்கு இல்லை".